பேரருவிச் சங்கும் அரக்கு முத்திரையும்

தென்காசி அருவி முன்னெச்சரிக்கை மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அருவியைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல், அகவிலைப்படி எப்போது ஏறும், அமைச்சர் எந்த வழியாகக் குற்றாலம் வருகிறார் என்பதெல்லாம் உத்தரவு வருவதற்கு முன்பே மேசைக்கு மேசை வந்து சேர்ந்துவிடும். அருவியில் தண்ணீர் ஏறுவதை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை ஜெயபிரியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்பாடு என்னவோ எளிதுதான். குற்றாலத்துப் பேரருவிக்கு மேலே, காட்டுக்குள் ஓடைக்கரையில், தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அது சொல்லும் அளவு மையத்தின் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரியும். சிவப்பு வந்தால், அருவிக்கரைக் கம்பத்தில் இருக்கும் அபாயச் சங்கை இங்கிருந்தபடியே கம்ப்யூட்டர் ஊதிவிடும். முன்பெல்லாம் அங்கேயே ஒருவர் நின்று அண்ணாந்து பார்ப்பார்; தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி வந்தால் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவார். மையம் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், சுவிட்சையும் பிடுங்கினார்கள், "இங்கு மனிதத் தவறுக்கு இடமில்லை" என்று வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்கள். மனிதனுக்கே இடமில்லாத இடத்தில் அவன் தவறுக்கு எங்கே இடம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெயபிரியா ஆய்க்குடிக்காரி. ஒப்பந்தப் பணி. கம்ப்யூட்டர் படித்திருந்தாள் என்றாலும் மையத்துக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான், முகம் தெரியும், குணம் தெரியாது. அவள் வீட்டுக்காரன் பாண்டிராஜ் ஊர்க்காவல் படையில் இருந்தான். சீசன் வந்துவிட்டால் பேரருவிக்கு அடியில், ஆண்கள் குளிக்கும் பக்கம், கம்பித் தடுப்பு ஓரமாக நனைந்தபடி நிற்பதுதான் அவன் வேலை.

"அருவிக்குள்ள தலையைக் கொடுத்தவனுக்குப் பக்கத்துல நிக்கவன் கத்துனாலே கேக்காதுட்டி. நான் விசில் ஊதுனா எனக்கு மட்டும்தான் கேக்கும். சங்கு ஒண்ணுதான் எல்லாருக்கும் கேக்கும்" என்று அவன் அடிக்கடி சொல்வான்.

போன வருடம் மேலே வானம் கறுத்ததைப் பார்த்து அவனாகவே ஆட்களைக் கரையேற்றிவிட்டான். தண்ணீர் வரவில்லை. நனைந்த தலையோடு ஏமாந்த சுற்றுலாப் பயணிகள் புகார் கொடுத்தார்கள், கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து சங்கு ஊதாமல் ஒருவரையும் கரையேற்றக் கூடாது என்று மையம் கேட்டு வாங்கிய உத்தரவு ஒன்று அமலில் இருந்தது. பாண்டிராஜுக்கு ஒரு மெமோவும் கிடைத்தது.

இந்த நிலையில்தான் தேவையற்ற கோப்புகளைக் கழிக்கும் வாரம் வந்தது.

எல்லா அலுவலகங்களும் பழைய கோப்புகளைக் கழித்து, எத்தனை கழித்தோம் என்று மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். மைய இயக்குநர் குற்றாலிங்கம் ஜெயபிரியாவை அறைக்குக் கூப்பிட்டார். அவர் இதற்கு முன் பட்டுப்புழு வளர்ப்பில் இருந்தவர். புழுவுக்கும் அருவிக்கும் நடுவில் ஒரு பதவி உயர்வுதான் வித்தியாசம்.

"ஏம்மா, மத்த ஆபீஸ்லாம் மூட்டை மூட்டையா பேப்பரைக் கழிச்சுப் போட்டோ அனுப்புதான். நாம சைபர்னு அனுப்புனா மேல என்ன நினைப்பாங்க? வேலையே நடக்கலன்னுல்லா நினைப்பாங்க?"

"சார், நம்ம ஆபீஸ் திறந்தே ரெண்டு வருசம்தான் ஆவுது. பழைய ஃபைலுக்கு எங்க சார் போறது?"

"பேப்பர்ல இல்லாட்டா என்ன? மின்னணுக் கோப்புகள் உட்படன்னு சுற்றறிக்கையில போட்டிருக்கான்லா? கம்ப்யூட்டர்ல பாரு. உள்ள ஒண்ணுமே இல்லாம, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும்லா, சைபர் சைஸு, அதை எல்லாம் அழி. அது யாருக்கு என்ன பிரயோஜனம்?"

உள்ளே ஒன்றுமில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி அந்த அலுவலகத்தில் அவரைவிட அறிந்தவர் கிடையாது. ஜெயபிரியா தயங்கினாள். "எல்லாத்தையுமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். "எண்ணிக்கை முக்கியம்மா" என்று பதில் வந்தது. அவள் நிர்வாகக் கடவுச்சொல்லைப் போட்டு, அளவு பூஜ்ஜியமாக இருக்கும் கோப்புகளை எல்லாம் தேடி அழிக்கும்படி ஒரு வரி எழுதி, என்டரைத் தட்டினாள். திரை மடமடவென்று ஓடி நின்றது. அழிந்தவை நானூற்றுச் சொச்சம். மாவட்டத்தில் மையம்தான் முதல் இடம். குற்றாலிங்கம் எல்லோருக்கும் பார்டர் கடைப் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சோதனைக்காகச் சங்கை ஒரு முறை ஊதிப் பார்ப்பது வழக்கம். ஜெயபிரியா ஊதினாள். திரையில், அப்படி ஒன்று இங்கே இல்லை என்று வந்தது. மறுபடியும் ஊதினாள். அப்படி ஒன்று இங்கே இல்லை. வராந்தாவுக்குப் போய், கூடப் படித்த முஃபீதுக்குப் போன் போட்டாள். அவன் கடையநல்லூர்க்காரன், பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தான்.

"ஏ ஜெயா, டெவ் ஃபோல்டர்லயா கை வச்சே?" என்றான் முஃபீத். "அதுல இருக்கது ஒவ்வொண்ணும் ஒரு கருவிக்கு வாசல் மாதிரி. உள்ள ஒண்ணும் இருக்காது, சைஸு சைபர்தான் காட்டும். வாசல்ல என்ன இருக்கும், சொல்லு? சங்கு அங்கனயேதான் இருக்கு. அதுக்குப் போற வாசலைத்தான் நீ அடைச்சுட்டே."

"இப்ப என்ன செய்ய?"

"பயப்படாத. ஒருக்க ரீஸ்டார்ட் பண்ணுனா தானா வந்துரும். இல்லாட்டா ஒரே ஒரு வரி. எம்கேநோட்னு, வாசல் வைக்கிற கட்டளை, அதைப் போட்டு, சங்கோட பேரு, சி, நாலு, அறுபத்து நாலு. டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுரும்."

செய்துவிட்டுச் சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஜெயபிரியா சொல்லிவிட்டுச் செய்யப் போனாள். அரசு அலுவலகத்துக்குப் புதியவர்கள் செய்யும் பிழை இது.

இயக்குநர் அறையில் கண்காணிப்பாளர் சுகந்தியும் இருந்தார். விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். விதிமீறல்கள் அதைவிட நன்றாக மனப்பாடம்.

"ஒரு வரி போட்டா சரியாயிரும் சார். போட்டுரட்டுமா?" என்று கேட்டாள் ஜெயபிரியா.

சுகந்தி பேனாவைக் கீழே வைத்தார். "எதுலயும் கை வைக்கக்கூடாதும்மா. அரசுப் பொருள் காணாமப் போயிருக்கு. இனி விசாரணை நடக்கணும். காணாமப் போனதை நீயே திரும்ப வச்சுட்டேன்னா, காணாமப் போனதுக்கு என்ன சாட்சி இருக்கும்?"

"மேடம், இது சாரல் நேரம். சிவப்பு வந்தா சங்கு ஊதாது."

"ஊதாதுன்னு யாரு சொன்னா?" என்றார் குற்றாலிங்கம். "விசாரணையே இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குள்ள நாமளா ஒரு முடிவுக்கு வரலாமா? அது சங்குக்குச் செய்யுற அநியாயம்லா? இன்னொண்ணும் யோசி. நானூத்துச் சொச்சம் கழிச்சோம்னு மேல அனுப்பியாச்சு. இப்ப ஒண்ணைத் திரும்பக் கொண்டு வந்தா கணக்கு இடிக்கும். அன்னைக்கு அனுப்புனது பொய்யாடான்னு கேப்பான். முதலிடம் போயிரும்மா."

"அப்ப குளிக்கத் தடை போடச் சொல்லிக் கேக்கலாம்லா சார்?"

"காரணம்னு என்னத்தை எழுதுவே? சங்கு வேலை செய்யலன்னா?" அவர் முகம் கன்றிவிட்டது. "நம்ம ஆபீஸைப் பத்தி நாமளே தப்பா எழுதலாமா?"

மத்தியானத்துக்குள் வெள்ளைத் துணி வந்தது, மெழுகுவர்த்தி வந்தது, அரக்கு வந்தது. கீபோர்டைத் துணியில் பொதிந்து, சணல் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். அது சான்றுப் பொருள் ஒன்று. மவுஸ் சான்றுப் பொருள் இரண்டு. கம்ப்யூட்டரை அணைக்கவும் கூடாது, அணைத்து எழுப்பினால் சாட்சியம் கலைந்துவிடும். திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கலாம், ஒன்றும் செய்ய முடியாது. கை கால் கட்டப்பட்டு வாயும் அடைக்கப்பட்டவனைக் காவலுக்கு நிறுத்தியது போல அது முழித்துக்கொண்டிருந்தது. ஜெயபிரியா அதன் எதிரில் அதே மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போய் பாண்டிராஜிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

"அப்ப மேல தண்ணி வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"நானா பாத்து ஏத்திவிட்டா?"

"சங்கு ஊதாம ஏத்துனா இந்தத் தடவை மெமோவோட விட மாட்டாங்க, உங்களை எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி பிசைய ஆரம்பித்தான். ஆனால் சாப்பிடவில்லை. ஆயிரம் பேர் அருவிக்குள் நிற்பதும், அவர்களோடு தன் புருஷன் நிற்பதும், அத்தனைக்கும் குறுக்கே சணல் கட்டிய ஒரு துணிப்பொட்டலம் கிடப்பதும் அவள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

மறுநாள் ஒரு விசித்திரம் நடந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அந்த நானூற்றுச் சொச்சத்தில் இன்னொரு கோப்பும் போயிருந்தது. அதன் பெயர் நல், ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள். லினக்ஸில் அது ஒரு பாழுங்கிணறு. எதைப் போட்டாலும் விழுங்கும், ஏப்பம்கூட விடாது. மையத்துக்குப் பொதுமக்கள் அனுப்பும் புகார்கள் எல்லாம், அலுவலகம் திறந்த நாளிலிருந்து, நேராக இந்தக் கிணற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தன. அப்படி அமைத்துத் தரும்படிதான் கேட்டு வாங்கியிருந்தார்கள். கிணறு அழிந்த பிறகு அதே பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று தானாக முளைத்து, விழுகிற புகார்களை எல்லாம் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் அது ஊதிப் பெருத்து, இடம் போதவில்லை என்று திரையில் கூவியது. கூடவே ஒவ்வொரு புகாரும் திரையில் ஓடியது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குக் கதவு இல்லை. ஐந்தருவியில் கம்பி உடைந்து ஆளைக் கிழிக்கிறது. பழைய குற்றாலத்தில் சங்குச் சத்தம் கேட்பதே இல்லை.

குற்றாலிங்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"தினமும் வந்துக்கிட்டுதான் சார் இருந்துச்சு."

"வந்துச்சு, சரி. ஏன் தங்குது?"

ஜெயபிரியா விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் சுகந்தி விதிப்புத்தகத்தைப் புரட்டி, பொதுநலன் கருதி இயக்குநர் தமக்குள்ள அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்ற பிரிவைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அரக்கு உடைக்கப்பட்டது. கீபோர்டு வெளியே வந்தது. முஃபீத் போனில் சொல்லச் சொல்ல, ஜெயபிரியா முளைத்த கோப்பை நீக்கிவிட்டு, சி, ஒன்று, மூன்று என்று தட்டினாள். கிணறு திரும்ப வந்தது. புகார்கள் மாயமாயின. அலுவலகம் பெருமூச்சு விட்டது.

"இதே மாதிரி இன்னொரு வரிதான் சார்" என்றாள் அவள், விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுக்காமலே. "சங்கையும் கொண்டு வந்துருதேன் சார். எங்க வீட்டுக்காரரு அங்கன நிக்காரு."

"ஏம்மா, அது வேற இது வேற" என்றார் குற்றாலிங்கம், மிகவும் பரிவாக. "புகார் வந்தா ஆபீஸுக்கு ஆபத்து. அதுக்கு அவசர அதிகாரம் இருக்கு. வெள்ளம் வந்தா ஆபீஸுக்கு என்ன ஆபத்து? நாம தென்காசியிலல்லா இருக்கோம்?"

கீபோர்டை மறுபடி துணியில் பொதிந்தார்கள். புது அரக்கு.

ஞாயிற்றுக்கிழமை சீசன் காவலாக ஜெயபிரியா மட்டும் மையத்தில் இருந்தாள். தென்காசியில் வெயில் பல்லைக் காட்டியது. ஜன்னல் வழியே பார்த்தால் மலை தெரியவில்லை, மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மத்தியானம் திரை மஞ்சளுக்கு மாறியது. மஞ்சளிலும் எண்கள் நிற்காமல் ஏறின.

பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குப் பயந்து பாலிதீன் பையில் சுற்றிக் கடையில் கொடுத்து வைத்திருப்பான். இயக்குநருக்குப் போட்டாள். வீரகேரளம்புதூரில் கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் மேளம் கொட்டி முழக்கியது.

"சார், மஞ்சள் வந்துட்டு. சிவப்பு வரப்போவுது சார்."

"வரட்டும். வந்த உடனே ஒரு குறிப்பு எழுதி வச்சுரு. நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடுதேன்."

"ஆளு நிறைய நிப்பாங்க சார், ஞாயித்துக்கிழமை. முத்திரையை உடைச்சுக்கிடட்டுமா?"

"என்னது? கேக்கலயே. தாலி கட்டுதான், அப்புறம் பேசு."

எண்கள் ஏறின. ஜெயபிரியா துணிப்பொட்டலத்தைப் பார்த்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இன்னும் தலைக்கு மேல் போகவில்லை, போகப்போகிறது. அவள் அரக்கைப் பல்லால் கடித்து உடைத்தாள். சணல் அவிழவில்லை. கத்தரிக்கோலைத் தேடிக் காணாமல் துணியையே கிழித்தாள். எம்கேநோட் என்று அடித்தாள், ஒரு எழுத்துப் பிழைபட்டது, திருப்பி அடித்தாள். சி, நாலு, அறுபத்து நாலு. என்டர்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. எண்கள் சிவப்பாயின. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, சங்கு ஒலிக்கிறது என்று வந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் பாண்டிராஜ் கூப்பிட்டான்.

"ஏட்டி, மரத்தோட வந்துச்சு தண்ணி. செக்கச்செவேல்னு. கம்பித் தடுப்பையே காணோம். சங்கு ஊதி அம்புட்டுப் பேரும் மேல வந்து நின்னு திரும்பிப் பாக்காங்க, நாங்க நின்ன இடம் இல்ல. ஒரு உசுருக்குச் சேதம் இல்லட்டி. நீதான் ஊதுனியா?"

"ஆமா" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அவளுக்கு மூன்று குற்றச்சாட்டுகள் கொண்ட குறிப்பாணை வந்தது. அரசு முத்திரையை உடைத்தது ஒன்று. சாட்சியத்தைக் கலைத்தது ஒன்று. மூன்றாவதுதான் கனமானது. சங்குக் கோப்பைக் காணவில்லை என்று விசாரணைக்கு அனுப்பிய அறிக்கை நிலுவையில் இருக்கும்போது, அதைத் திரும்ப உண்டாக்கிச் சங்கை ஊதி, மேற்படி அறிக்கையைப் பொய்யாக்கியது.

விசாரணை அலுவலராக இசக்கிதுரை வந்தார். ஓய்வு பெற்றவர், விசாரணைகளுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்காதவர். அவர் வந்த நாளில்தான் அருவியில் வெள்ளம் வடிந்து, புதுக் கம்பி போட்டு, மறுபடியும் குளிக்க விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலி போட்டு, வாக்குமூலம் எழுதுகிறவர் உட்பட எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெயபிரியா நின்றாள்.

"சங்குக்கு நாலு, அறுபத்து நாலுன்னு எண் ஒதுக்கீடு செஞ்சது யாரு?"

"அது லினக்ஸ்ல உள்ளது சார். உலகம் பூரா அதே எண்தான்."

"எந்த அரசாணையில வருது?"

"அரசாணையில இல்ல சார்."

"அரசாணையில இல்லாத எண்ணைப் போட்டு அரசுச் சங்கை ஊதியிருக்கே" என்றார் இசக்கிதுரை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். "ஊதுனதுனால என்ன நடந்துச்சு?"

"ஆளுங்க பொழைச்சாங்க சார்."

"அதுக்கு ஆதாரம்? வெள்ளத்துல போனவங்களுக்குத்தான் பட்டியல் உண்டு. போகாதவங்களுக்கு யாரும் பட்டியல் எடுக்குறது கெடையாது. செத்தா விசாரிக்கலாம். சாகலன்னா எதை வச்சு விசாரிக்க?"

இசக்கிதுரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் பார்வையிட வேண்டியது சம்பவம் நடந்த நிலையை. சங்குக் கோப்பு இல்லைன்னு அறிக்கை சொல்லுது. இங்கன வந்து பாத்தா இருக்கு. இல்லாததை இருக்கும்போது நான் எப்படிப் பார்வையிட? முதல்ல பழைய நிலைக்குக் கொண்டு வாங்க. அழிங்க. நான் பாத்து, குறிப்பு எழுதி, அறிக்கை மேல போயி, ஒப்புதல் வந்த பிறகு முறைப்படி திரும்ப உண்டாக்கிக்கிடலாம்."

"புகார்க் கிணத்தையும் அழிச்சு பழைய நிலைக்குக் கொண்டு வரணுமா சார்?" என்று கேட்டார் சுகந்தி. கேட்கும்போதே குரல் மெலிந்தது.

"சேச்சே. அது பொதுநலன்லா?"

குற்றாலிங்கம் கீபோர்டை ஜெயபிரியா பக்கம் தள்ளினார். "அழிம்மா."

ஜன்னலில் மலை மறுபடி காணாமல் போயிருந்தது. திரை பச்சையில்தான் இருந்தது, எண்கள் மட்டும் மெல்ல அசையத் தொடங்கியிருந்தன.

"மாட்டேன் சார்" என்றாள் அவள்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. ஒத்துழைக்க மறுத்தார் என்று எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். கோப்புக் கழிப்பு வாரத்து அறிக்கையை சுகந்தி எடுத்து வந்தார். அன்றைக்கு அவள் அடித்த வரி அதில் இணைப்பாக இருந்தது. எந்த இடத்தை மாற்றினால் சங்கு மட்டும் போகும் என்று அவரே விதிப்புத்தகம் படிக்கிற நிதானத்தோடு பார்த்துச் சொன்னார். குற்றாலிங்கம் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஒரு நல்ல காரியம் செய்ய அந்த அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாள் தேவைப்பட்டாள், இதற்கு இயக்குநரே போதும். அவர் என்டரைத் தட்டியதும் இசக்கிதுரை குனிந்து திரையைப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

பிறகு துணி வந்தது, அரக்கு வந்தது. விசாரணை முடியும் வரை அவள் வளாகத்துக்குள் இருக்கக்கூடாது என்று சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தாள். திரை மஞ்சளாக இருந்தது. குழுவினருக்கு வடை வந்திருந்தது.

படியில் இறங்கும்போதே பாண்டிராஜுக்குப் போட்டாள். இரண்டாவது தடவை அடிக்கையில் எடுத்தான். பின்னால் அருவியின் இரைச்சல்.

"என்னங்க, மேல பாருங்க. அம்புட்டுப் பேரையும் ஏறச் சொல்லுங்க. உடனே."

"என்னட்டி? ஒண்ணும் கேக்கல. இங்கன திருவிழாக் கூட்டம்லா! அன்னைக்கு நம்ம சங்கு காப்பாத்துனது ஊரு பூராத் தெரிஞ்சு போச்சு. மேல கருக்குது, ஏறுங்கலேன்னு நானும் சொல்லிப் பாத்தேன். ஒரு பய அசையல. சங்கு ஊதட்டும் அண்ணாச்சி, அப்புறம் ஏறுதோம்ங்கான்."

"சங்கு ஊதாதுங்க! அழிச்சுட்டாங்க! கேக்குதா? சங்கு ஊதாது!"

"சங்கா? ஆமாட்டி, அதைத்தான் சொல்லுதேன். நீ அங்கன இருக்கும்போது எனக்கென்ன பயம்? சரி, போனை வை. நான் உள்ள போய் நிக்கேன்."